இடுப்பெலும்பு யாருக்கு?

அன்பு மகள் பெர்மெத்துக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், உன் அப்பாவுக்கு மட்டும் சரித்திரப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சியோலில் நீயும் மாப்பிள்ளையும் நலமா, பேரன் தவழ்கிறானா? நகர்மன்றத் தலைவரானதிலிருந்து உன் அப்பா, மூன்று கட்சிகளைக் கட்டி மேய்ப்பது எப்படி என்று பழைய தலைவர்களின் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். கூட்டுப்பண்ணைக் காலத்துத் தலைவர் ஒருவரை ஓயாமல் புகழ்கிறார், அவர் ஓட்டுக் கேட்டால் எழாத கையே கிடையாதாம். எழாத கைக்குச் சொந்தக்காரன் அப்புறம் ஊரில் இருந்திருப்பானா என்று கேட்டேன். "உனக்கு அரசியல் புரியாது புருல், போய் டீ போடு" என்றார். டீக்குத் தண்ணீர் கால்வாயிலிருந்து வாளியில் வருகிறது, சுமப்பது நான், அது எனக்கு நன்றாகவே புரிகிறது. மேல்தெருவுக்குக் குழாய் வந்தால்தான் கைக்குழந்தையோடு வர முடியும் என்று நீ சொன்னதும் மறக்கவில்லை.

குழாய்த் தீர்மானம் மன்றத்துக்கு வருவதற்கு முதல் நாள் கூட்டணிக்காரர்களைக் கூப்பிட்டு ஆடு அறுத்தார். அந்தக் காலத்துக் கான்கள் விருந்து வைத்தே ஆள் சேர்த்தார்களாம். எலும்பை எப்படிப் பங்கிட்டார்கள் என்ற பக்கத்தை மட்டும் படிக்கவில்லை போலும். இடுப்பெலும்பு சபையில் மூத்தவருக்கு என்பது நம் வீட்டு நாய்க்கும் தெரியும். இவரோ அவரவர் கட்சிக்கு மன்றத்தில் எத்தனை இடமோ அந்தக் கணக்கில் வைத்தார். மீசை இப்போதுதான் அரும்பியது போலிருக்கும் தைலாக்குக்கு ஏழு இடம், அவனுக்கு இடுப்பெலும்பு. சபர்பாய் பெரியவருக்கு இரண்டே இடம், அந்த இரண்டு இல்லாமல் எதுவும் நிறைவேறாது, அவருக்கு விலா. தைலாக்குக்கே முகம் செத்துப்போயிற்று. "ஜனநாயகம்னா இதுதானே!" என்று உன் அப்பா ஒருவர்தான் சிரித்தார். பெரியவர் மரியாதையாக டீ குடித்து, துவா செய்து, வீட்டுக்கென்று நான் கட்டிக் கொடுத்த இறைச்சிப் பையைத் தொடாமலே போனார். மறுநாள் தீர்மானம் தோற்றது.

உன் அப்பா மறுபடி புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் பெரியவர் வீட்டுக்குப் போனேன். "குழாய்மேல எனக்கென்ன கோவம் மருமகளே? உன் புருஷன் அந்த நாற்காலில இருக்கிற வரைக்கும் எங்க கை ரெண்டும் எந்திரிக்காது, இறங்கட்டும், அன்னைக்கே பள்ளம் தோண்டலாம்" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கலாம். இறங்குவார் என்று சொல்லிவிட்டு வந்தேன். தைலாக்கிடமும் பேசினேன், தலைவர் மாறுவதற்கு அவனும் சரி என்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமை மன்றம் கூடுகிறது. உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தானாகப் பதவியை விட்ட தலைவர் யாராவது உண்டா என்று காலையில் கேட்டு வைத்தேன், தேடிக்கொண்டிருக்கிறார். பாவமாகத்தான் இருக்கிறது பெர்மெத், அந்த நாற்காலிமேல் அவருக்கு நிஜமாகவே ஆசை.

அல்லா உங்கள் மூவரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும். பிள்ளைக்குக் காது மூடும் தொப்பி போடு. அப்பாவிடம் பேசினால் மன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. டிக்கெட் மட்டும் எடுத்துவிடு.

உன் அம்மா,
புருல்