வெள்ளைப் பூண்டான்

வியாழன், இரவு. மழை விடவில்லை.

மத்தியானம் பூண்டுக் கிடங்கில் சாப்பிட்டு முடித்து, போனில் அந்த விளையாட்டைத் திறந்தேன். விநோத மிருகங்களைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு. இனிச் சேர்க்க இடமில்லை, எதையாவது விடுவி என்றது. பூண்டு மாதிரித் தலையோடு இரண்டு இருந்தன. நானும் ஜெயந்தியும் அதற்கு வைத்த பெயர் பூண்டான். ஒன்று மங்கல், ஒன்று பளீர் வெள்ளை, மற்றபடி ஒரே அச்சு. பளபளப்பது வெளியூர்ப் பூண்டு, மங்கலானதுதான் நம் மலைப்பூண்டு என்று நாளெல்லாம் பிரித்துப் போடுகிற கை இது. யோசிக்காமல் வெள்ளையை விட்டுவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. விளையாட்டில் வெள்ளைதான் அபூர்வம். கிடங்கில் எட்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயந்தி, கல்யாணமாகித் திருப்பூர் போகும்போது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வைத்து என் போனுக்கு மாற்றிக் கொடுத்தது அது. விட்டது திரும்ப வராது.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எந்தப் பூண்டான்க்கா? அந்த கேமை நான் அழிச்சே ரொம்ப நாளாச்சு. ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கும், விடுங்க. அடுப்படியில சோலி கெடக்கு, பெறகு பேசுறேன்" என்றாள்.

இதுவரை அவள் கூப்பிடவில்லை.

இப்போதுதான் மங்கல் பூண்டானுக்குப் பெயர் மாற்றினேன். ஜெயந்தி என்று வைத்திருக்கிறேன். ஒன்றுபோலத்தானே இருக்கும்.