பஸ்ஸை மறித்த நாற்றுக்கட்டு

ஆயா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆரம்பாக்கம் தாண்டியதும் பிடுங்கிப் போட்ட நாற்றின் வாசம் உள்ளே வந்தது. சேறும் பச்சையும் கலந்த அந்த வாசம் உன் புடவையில் எப்போதும் இருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. பக்கத்திலிருந்த பெண் ஜன்னலைச் சாத்தப் போனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். சாயங்காலம் இறங்கி, இருட்டில் தனியாக ஊருக்குள் நடக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படாது, மாதம் முடிந்ததும் வேலையை விட்டு நின்றுவிடு என்று உன் பிள்ளை, என் அப்பா, தீர்த்துச் சொல்லிவிட்டார். நான் அழுதேன். நீ வாயே திறக்கவில்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்தால் எதற்கோ அடிபோடுகிறாய் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் நம் ரோட்டோரக் கழனியில் நடவு. நடவின்போது அந்தப் பக்கம் வருகிறவர் காலடியில் நாற்றுக்கட்டை வைத்துப் பெண்கள் காசு கேட்பது ஊர் வழக்கம். கொடுக்காமல் அதைத் தாண்டிப்போக யாருக்கும் மனம் வராது. நீ யார் காலடியிலும் வைக்கவில்லை. கழனியோரம் பஸ் நின்று நான் ஏறியதும், அதன் முன்சக்கரத்தை ஒட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தாய். டிரைவர் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே இறங்கி வந்தார்.

"டப்பு வாணாம் நைனா. சாயங்காலம் எங்க பொண்ண ஊருக்குள்ள கோயிலாண்ட இறக்கி உடு, போதும்."

"அது ரூட்டுல இல்ல ஆயா. ஆபீஸ்லதான் கேக்கணும்."

"கேளு. நீ கேட்டுக்கினு வர்ற வரைக்கும் நாத்து இங்கியே கெடக்கட்டும்."

பஸ்ஸே சிரித்தது. அவர் போனில் யாரிடமோ பேசினார். முழங்கால்வரை சேற்றோடு, இடுப்பில் கைவைத்து நீ நின்றாய். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நீ அவ்வளவு அழகு. அவர் தலையாட்டிய பிறகுதான் குனிந்து நாற்றுக்கட்டை எடுத்தாய்.

அன்று சாயங்காலம் பஸ் ஊருக்குள் வந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வேலையை விடச் சொல்லும் பேச்சு அதோடு நின்றது. "பஸ்ஸையா மறிப்பே?" என்று நான் கேட்டதற்கு, "நம்ம பொண்ணுக்குத்தானே கேட்டேன், அதுக்கு இன்னாத்துக்கு வெக்கம்?" என்றாய்.

இப்போது கோயிலருகே என்னோடு வேறு பெண்களும் இறங்குகிறார்கள். பஸ் ஊருக்குள் வந்த கதையை அவர்களிடம் சொல்லிச் சிரிக்கத்தான் ஆரம்பிப்பேன். பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுப் பக்கம் நடந்துவிடுவேன். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, ஆயா.

நீ படுக்கையில் விழுந்த பிறகும், பஸ் ஹாரன் கேட்டால் உள்ளேயிருந்து "வந்துட்டியா கண்ணு?" என்பாய். "வந்துட்டேன் ஆயா" என்று நான் சொன்ன பிறகுதான் உனக்குச் சோறு இறங்கும். நீ போன பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. செருப்பைக் கழற்றும்போதே வாயில் வந்துவிடுகிறது. முதலில் கொஞ்ச நாள் அப்பா காதில் விழாதது மாதிரி இருந்தார்.

இப்போதெல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வந்துட்டியா கண்ணு" என்கிறார். அதற்கு முன் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.