கோரைக் காட்டுக்குத் தீயிடாதிருக்க

திருவும் திறலும் பெருகுக. ஆழிமங்கல நாடு ஆளும் நன்னாகப் பெருமானடிகளின் ஓலை அமைச்சன் கூடலன் சாத்தன், கீழைக்கரைக் கோட்டைக் காவலர் வயமான் தேவருக்கு விடுத்த ஓலை. தேவரும் தேவரின் மக்களும் படையும் நலம் பெற்று விளங்குக. தேவரின் ஏரி நிறைக, வயல் விளைக. யாமும் நலமே என்று வழக்கம்போல் எழுத இயலாமையைப் பொறுத்தருள்க.

இவ்வோலை அரண்மனையிலிருந்து எழுதப்படுவதன்று. நாளை உச்சிப்பொழுதில் தேவர் எரிக்கவிருக்கும் ஏரிக் கோரைக் காட்டின் நடுவே, ஒரு மண்மேட்டில் அமர்ந்து எழுதுகிறோம். எம்மோடு நாற்பத்து மூன்று பேர் இருக்கின்றனர். அவருள் பதினொருவர் குழந்தைகள்.

நடந்ததைச் சுருங்கச் சொல்வோம். சென்ற திங்களில் தலைநகர் அங்காடிகளில் ஒரு படத்துணி வந்து தொங்கிற்று. இவ்வேரியில் ஒரு முதலை கிடப்பதாகவும், அதன் வாய் கோட்டை வாயிலை ஒத்ததாகவும், அருகே நின்ற நான்கு வலைஞர் அதன் பல்லுயரமே இருந்ததாகவும் அதில் எழுதியிருந்தது. பத்து நாளில் அத்துணிக்கு நூறு படிகள் உண்டாயின. ஊர்கள் காலியாயின. காட்டை எரித்துவிட ஆணை தருக என்று தேவர் வேண்டினார். பெருமானடிகள் எம் கருத்தைக் கேட்டார். எரிக்கலாம் என்றோம். அந்த ஆணையை எழுதியதும் எம் கையே.

ஆணை சென்றபின் இரண்டு படிகளை ஒருசேரக் காண நேர்ந்தது. ஒன்றில் வலைஞர் முதலையின் தோளளவு நின்றனர், மற்றொன்றில் பல்லளவு. ஒரே விலங்கு துணிக்குத் துணி வளருமோ என்ற ஐயம் எம்மை உறங்கவிடவில்லை. முதல் துணியைத் தேடி மேலைக்கரை நாவல்துறைக்குச் சென்றோம். அதை எழுதியவள் மாசாத்தி என்னும் சித்திரக்காரி. அவள் தன் துணியை விரித்துக் காட்டி, “செத்துக் கெடந்த மொதலைங்கய்யா. ஏழு முழம். அதைக் கிட்டத்துல வச்சேன், ஆளுங்கள நூறடி தள்ளி நிக்க வச்சேன். நடுவுல எவ்ளோ மணல் எழுதியிருக்கேன் பாருங்க. படி எடுத்தவன் மணலை விட்டுட்டு ஆளுங்களக் கிட்டக் கொண்டாந்துட்டான்” என்றாள். அதன் தோலை அவள் வீட்டுப் பின்புறத்தில் எம் கையாலேயே அளந்தோம். ஏழு முழமே.

உடனே அத்துணியைப் பெற்றுக்கொண்டு, தேவரிடம் உரைக்க ஏரி வழியே குறுக்காகப் புறப்பட்டோம். ஓடக்காரர் எவரும் வாராமையால் யாமே துடுப்பிட்டோம். அந்தியில், தோலை அளந்த எம் காதிலேயே, உறுமல் கேட்டது. கோரைக்கு மேலே மூச்சுப்போல் புகை எழுந்தது. அளந்த அளவெல்லாம் மறந்து ஓடத்தில் குப்புற விழுந்து கிடந்தோம். ஓடம் தானே மிதந்து இம்மேட்டில் முட்டிற்று. தலை தூக்கிப் பார்த்தால், கோரை அறுக்கும் மக்கள் எருமைத்தோல் பறையை அறைந்துகொண்டும் ஈரக் கோரையைப் புகைத்துக்கொண்டும் நின்றனர். ஏன் என்று கேட்டோம். “மொதல கிட்ட வரக்கூடாதுன்னு அடிக்கிறோம் சாமி. கோட்டையிலேயே அது உறுமுறது கேக்குதாமே” என்றார் ஒருவர்.

தேவர் அந்திதோறும் மதில்மேல் நின்று கேட்கும் உறுமல் இதுவே.

காலியாகாது எஞ்சிய ஊர்களும் கதவடைத்தமையால் இவர்களுக்குப் போக்கிடம் இல்லை. ஒன்பது நாளுக்கு முன் விண்ணன் என்பவன் அரிசி கேட்கக் கோட்டைக் கரைக்கு நீந்தி வந்தான். கோரை அசைந்தது கண்டு மதில்மேலிருந்து அம்புகள் பாய்ந்தன. அவன் மனைவி கொற்றி எம்மிடம், “கத்துனாரு சாமி, நான் ஆளு, நான் ஆளுன்னு. இங்க எங்களுக்கே கேட்டுச்சு” என்றாள். அதன்பின் இவர்கள் முதலையினும் தேவரின் வில்லுக்கே அஞ்சுகின்றனர். காட்டில் ஆளில்லை என்று தேவருக்கு உரைத்த ஒற்றன் உள்ளே வரவேயில்லை. அவனை ஒறுக்க வேண்டா. அவன் அச்சத்தை யாம் அறிவோம்.

எம் ஓடம் இருவரையே தாங்கும். ஓலையை யாமே கொண்டுவர எழுந்தோம். தாய்மார் எம் மேலாடையைப் பற்றிக்கொண்டு, “நீங்க இங்க இருந்தாத்தான் கொளுத்த மாட்டாங்க” என்றனர். அமர்ந்துவிட்டோம். அவர்க்கு இரங்கி அமர்ந்தோமோ, அம்புக்கு அஞ்சி அமர்ந்தோமோ, எம்மை யாமே கேட்டுக்கொள்ளத் துணிவில்லை. கொற்றி தான் போவதாகச் சொன்னாள். தடுத்தோம். “எனக்கு இனி என்ன சாமி, அவரு போன வழிதானே” என்றாள்.

ஆகவே பெருமானடிகளின் பெயரால் ஆணையிடுகிறோம். எரிக்கும் ஆணை இதனால் நீக்கப்பட்டது. பந்தங்களை ஏரி நீரில் அமிழ்த்துக. மதில்மேல் ஒருவன் கையிலும் வில் இருத்தலாகாது. கோட்டைவாயில் திறந்து, உள்ள ஓடமெல்லாம் இம்மேட்டுக்கு விடுக. மாசாத்தியின் துணி இத்துடன் வருகிறது. அதை வாயிலில் தொங்கவிட்டு, மணலைக் காட்டி, வருவோர்க்கெல்லாம் உரைக்க ஒருவனை நிறுத்துக. அரக்கு இல்லாமையால் எம் முத்திரை மோதிரத்தையே நூலில் கட்டி அனுப்புகிறோம். காற்று கோட்டைப் பக்கமிருந்து வீசுகிறது. விரைக. இது கூடலன் சாத்தன் எழுத்து.

மேற்படி ஓலையின் புறத்தே கோட்டைக் காவலர் எழுதியது:

ஓலை உச்சிக்கு ஒரு நாழிகை முன் வந்தது. கொண்டுவந்தவள் கோரை விளிம்பில் ஓடத்தை விட்டிறங்கி, ஓலையையும் துணியையும் தலைமேல் ஏந்தி, கழுத்தளவு நீரில் நடந்து தன் பெயரையும், தன் கணவன் பெயரையும், மேட்டில் உள்ளோர் பெயர்களையும் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தாள். வில்லாளர் அறுவர் நாண் இழுத்திருந்தனர், ஒருவனும் விடவில்லை. வடகரையில் ஒரு பந்தம் முந்திவிட்டது. பத்தடிக் கோரை எரியுமுன் அணைத்தோம். ஓடங்கள் போயின. மேட்டில் எஞ்சிய நாற்பத்திருவரும் அமைச்சரும் கரையேறினர். விண்ணனை எய்தவன் யானே. அவளிடம் அதைச் சொல்ல வாயிலுக்குப் போகிறேன்.

வயமான்.