கன்னத்தில் பஞ்சு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே கதிர்வீச்சு மெஷின் மக்கர். ஒன்பது மணிக்காரர்களை எல்லாம் பதினொன்றுக்குத்தான் கூப்பிட முடிந்தது. ஆளாளுக்கு என்மேல் எரிந்து விழுந்தார்கள், என்னவோ நான்தான் அதைக் கெடுத்த மாதிரி. படுக்க வைத்து, மாஸ்க்கைப் பூட்டி, ஸ்கேன் பார்த்து, கதிர் கொடுத்து, இறக்கிவிட்டு... இடுப்பு விட்டுப்போயிற்று.

லாரி டிரைவர் அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. சாப்பிட முடியாமல் ஆள் பாதியாகிவிட்டார். தலை அசையாமல் பிடிக்கிற பிளாஸ்டிக் மாஸ்க் லொடலொடவென்று ஆடுகிறது. "இன்னும் இளைச்சா புதுசு செய்யணும்ணே" என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. சூடான பிளாஸ்டிக்கை முகத்தில் இழுத்து முதல் மாஸ்க் செய்த அன்று அவர் போட்ட கத்தலில் வெளியே இருந்தவர்கள் பாதிப்பேர் வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார்கள்.

மார்ச் 5

டிரைவர் அண்ணனுக்கு இன்று மாஸ்க் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரே ராத்திரியில் கன்னத்தில் சதை வைக்குமா? ஸ்கேனில் பார்த்தால் வாய்க்குள் இரண்டு பக்கமும் ஏதோ திட்டுத்திட்டாக. நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். பஞ்சு! கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்.

"என்னண்ணே, விளையாடுறீங்களா? கொஞ்சம் நகர்ந்தாலும் கட்டிக்குப் போக வேண்டிய கதிர் தண்டுவடத்துல பாயும்! அப்புறம் கை கால் வராது!" கத்திவிட்டேன். அவ்வளவு பெரிய ஆள், பஞ்சைக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கதிர் கொடுக்காமல் அனுப்பினோம். டாக்டர் புது மாஸ்க் செய்யச் சொல்லிவிட்டார்.

மார்ச் 6

வரவில்லை.

மார்ச் 7

இன்றும் வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனால் கட்டி திரும்பத் தலைதூக்கும். போன் செய்தேன். மனைவி எடுத்தார். "செத்தாலும் பரவாயில்ல, அத மூஞ்சில போட விடமாட்டேன்ங்கிறாரும்மா. நீங்க வேற திட்டிட்டீங்களாமே."

கத்தாமல் இருந்திருக்கலாம். நானும் மனுஷிதானே? "சும்மா பேசத்தான்கா, கூட்டிட்டு வாங்க" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

வந்தார். வாசலோடு நின்றுகொண்டார். எந்த வேகத்தில் சொன்னேனோ — "நான் படுக்கிறேன். நீங்க நின்னு பாருங்க."

அவருடைய பழைய மாஸ்க்கையே கழுவி வெந்நீர்த் தொட்டியில் போட்டேன். சூட்டில் இளகி, அவர் மூக்கும் வாயும் பதிந்திருந்த அச்சுப் போய்த் தட்டையானது. கூட வேலை பார்ப்பவன் அதை என் முகத்தில் இழுத்துப் பூட்டினான்.

அய்யோ. ஏழு வருஷத்தில் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட நான் படுத்ததில்லை. ஈரமும் சூடும். இறுக இறுக மூச்சு முட்டுகிறது. ஓட்டை இருக்கிறது, மூச்சு வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், எடுத்துவிடச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டேன்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது டிரைவர் அண்ணன். கரகரத்த குரலில் மாஸ்க் பூட்டியவனிடம், "எடுத்துடாதீங்க தம்பி, இறுகட்டும்." என்னிடம், "மூக்கால மூச்சு விடும்மா. பயந்தா அப்படித்தான் இருக்கும். நான் இங்கதான் நிக்கிறேன்."

கழற்றியபோது காதுவரை கண்ணீர். மானம் போயிற்று. அவர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார்.

"சரி, எறங்கும்மா."

மார்ச் 13

புது மாஸ்க்கில் முதல் நாள். அவர் கையைத் தூக்கவே இல்லை. ஸ்கேனில் கன்னம் எலும்போடு ஒட்டிப்போய், வெறும் கன்னமாக இருந்தது. கதிர் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.