பக்கத்தில் ஒரு கைநாட்டு

மார்ச் 4

அன்பு மகனுக்கு,

நான் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தது எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறாய். எண் எனக்குத் தெரியாது. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தோடு போன வருஷம் அது. அதே வருஷம்தான் பெரிய அச்சகத்தைப் பூட்டி ஐந்து மாதம் திறக்கவில்லை. டிராம் நின்றது அதற்கு அடுத்த வருஷம். உனக்கு அப்போது ஏழு மாதம். நாம் குடியிருந்த அறைக்குள் தண்ணீர் புகுந்ததால் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பழைய நகரத்தில் வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டு, ஏணிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன். இதை வைத்து உன் வக்கீல் எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

போனில் நீ பேசுவது எனக்குத் தவளைச் சத்தம் மாதிரிதான் கேட்கிறது. கடிதமே நல்லது. நான் சொல்லச் சொல்ல மாடி வீட்டுத் தபால்காரர் எழுதுகிறார். ஓய்வு பெற்றும் அவருக்குக் கடிதத்தை விட மனமில்லை. “மெதுவா சொல்லுங்க, என் கை என்ன ரயிலா?” என்கிறார். அதையும் எழுதச் சொன்னேன்.

அந்த வீட்டையா நீ வாங்கப் போகிறாய்? தோளில் உட்காரவைத்து, “இது அப்பா அடிச்ச சுவர்” என்று காட்டியபோது உனக்கு நாலு வயது. நீ மறக்கவில்லை. ஏணியில் நின்று வெளியிலிருந்து நான் பார்த்த ஜன்னலில் என் மகன் உள்ளே நின்று தெருவைப் பார்ப்பான் என்று தபால்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். தெருப்பக்கம் ஒன்பது ஜன்னல். மரப்படி பத்தொன்பது. வடக்குச் சுவரில் எத்தனை பூச்சு அடித்தாலும் உப்புப் பூக்கும். கட்டிலை அந்தப் பக்கம் போட வேண்டாம் என்று மருமகளிடம் சொல்.

பழைய பத்திரத்தில் சாட்சியாக என் பெயர் இருப்பதாக எழுதியிருக்கிறாய். இருக்கும். வீடு கண்ணாடியம்மாவுடையது. தடித்த மூக்குக்கண்ணாடி போடுவார், அதனால் அந்தப் பெயர். கல்யாணம் ஆகாதவர், அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். வீட்டை அவர் தன் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த அன்று நான் முன்சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுச் சாட்சி கேட்டார்கள், கைநாட்டு வைத்தேன். பிறகு அந்த அம்மா, நான் எழுதியே கொடுக்கவில்லை என்று சண்டை போட்டார். நல்ல மனுஷி. ஏன் அப்படிப் புளுகினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். வடக்குச் சுவர் விஷயத்தில் இப்போதே சண்டை. அவள் கட்டிலை அங்கேதான் போட நினைத்திருந்தாளாம்.

பதினோரு வருஷத்தில் ஏழு வாடகை வீடு, அப்பா. ஒருவர் ஆணி அடிக்காதே என்றார். ஒருவர் விருந்தாளி வந்தால் சொல்லிவிட்டு வரச் சொல் என்றார். இப்போது இருக்கும் வீட்டுக்காரர் எங்கள் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேலே உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற கணக்கு வாத்தியார் வீட்டுக்கு வந்து குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறக்கிறேன். உங்கள் மருமகள் ஒன்பது ஜன்னலுக்கும் திரைச்சீலை அளவெடுத்துவிட்டாள். கீழே தெருவைப் பார்த்த அறை உங்களுக்கு. படி ஏற வேண்டாம்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. அந்தத் தெரு முழுவதையும் பழமையான பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. பழைய பத்திரத்தில் சந்தேகம் இருந்தால் விற்க விடமாட்டார்கள். அந்த அம்மா அப்போது கொடுத்த ஆட்சேபனை மனு இன்னும் கோப்பில் இருக்கிறது. சாட்சி சொன்ன சொல்லை நம்பித்தான் அதைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். அதே சொல்லை நீங்கள் ஒரு தாளில் உறுதி செய்தால் போதும் என்கிறார் வக்கீல். ‘அந்த அம்மா என் கண்ணெதிரில் கைரேகை வைத்தார்’, அவ்வளவுதான். விற்கிறவர் அந்த அண்ணனின் மகன். சாதுவான மனிதர்.

பத்திரத்தைப் பார்த்தேன் அப்பா. உங்கள் ரேகையில் கோடே இல்லை, சுண்ணாம்பு தின்றுவிட்டது போல. பக்கத்தில் அந்த அம்மாவின் ரேகை, நல்ல அகலமாக. இரண்டுக்கும் அடியில் ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று ஒரே கை எழுதியிருக்கிறது. அவரும் உங்களைப் போலக் கைநாட்டுதானா? ஸ்டூடியோவில் படம் பிடிக்க நிற்கிற புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டு கட்டைவிரலும் ஒட்டி நிற்கின்றன. பார்த்துச் சிரித்துவிட்டேன்.

தாளை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகன்


மார்ச் 27

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது தடவை ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அவர் அந்த வரியைக் கத்தி வாசித்தார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

கண்ணாடியம்மா கைநாட்டு இல்லை. அவர் நூலகத்தில் வேலை பார்த்தவர். உன் அம்மாவுக்கு அந்த ஏழெட்டு மாதமும் நான் போட்ட கடிதம் எல்லாம் அவர் எழுதியது. வேலை முடிந்து கை கழுவிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். உள்ளே மேஜையில் உட்கார்ந்து எழுதுவார். “பையனுக்குப் பல் முளைச்சிருச்சான்னு மூணு தடவ எழுதியாச்சு. பெண்டாட்டியப் பத்தியும் ஒரு வார்த்தை கேளுங்களேன்யா” என்பார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பேன். அவரே எதையோ எழுதிவிடுவார். என்ன எழுதினார் என்று உன் அம்மா கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன்காரர் வாசலுக்கு வந்து, “ஏணிய விட்டு எறங்கி வாப்பா. தங்கச்சி வச்சிட்டா, நீயும் பக்கத்துல ஒண்ணு வச்சிட்டுப் போ” என்றார். “அம்மா எங்கே?” என்றேன். “தலைவலின்னு உள்ள படுத்திருக்கா” என்றார். கூடத்தில் பத்திர எழுத்தர் இருந்தார், இன்னொரு சாட்சியாகப் பால்காரர் இருந்தார். நான் வைக்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மை ஒற்றும் தாளால் மூடியிருந்தார்கள். மை காயவில்லையாம். ‘வச்சிட்டா’ என்றால் கையெழுத்து வைத்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. படிக்கத் தெரியாதவன் எழுத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறான்? தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கியிருந்தால் எழுத்துத் தெரியாத எனக்கும் கட்டைவிரல் தெரிந்திருக்கும்.

அவர் உள்ளே படுத்திருக்கவில்லை. நூலக வேலையாக வெளியூர் போயிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதையும் அவர் சொன்ன புளுகோடு சேர்த்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, நான் வேறு வீட்டில் வேலை செய்யும் இடத்துக்கு வந்து கீழே நின்றார்.

“நான் கையெழுத்துப் போட்டதப் பாத்தீங்களா?”

“நீங்க வச்ச பிறகுதான்மா நான் வச்சேன்.”

“அதக் கேக்கல. பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

ஒரு வார்த்தைதான். தெரு முழுவதும் அடிக்கிற வேலையை அண்ணன்காரர் எனக்கு வாங்கித் தந்திருந்தார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று நம்பித்தான் இருந்தேன், அதனால் பார்த்தேன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். பதிவு அதிகாரி கேட்டபோதும் அதையே சொன்னேன். கண்ணாடியம்மா அங்கே நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

தாளை அனுப்பாதே, கண்ணு.

இப்படிக்கு,
அப்பா


ஏப்ரல் 9

அப்பாவுக்கு,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் வைக்க வேண்டும். முப்பதாம் தேதிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும், அல்லது யாருக்குமே போகாமல் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடந்தால் அந்த அம்மாவுக்கு என்ன லாபம்?

நீங்கள் எழுதியதை மறுபடியும் மறுபடியும் வாசித்தேன். நடந்தது தப்புதான். செய்தது அந்த அண்ணன். அவர் போய்விட்டார். விற்கிற மகன் அப்போது கால்சட்டை போட்ட பையன். நான் ஏழு மாதக் குழந்தை. உங்கள் மருமகள் பிறக்கவே இல்லை. இதில் யாரைத் தண்டிக்கிறீர்கள்?

இரண்டு தடவை பார்த்தேன் என்று சொன்னீர்கள். வேலைக்காகச் சொன்னீர்கள். மூன்றாவது தடவை பிள்ளைக்காகச் சொல்ல வாய் வரவில்லையா?

நீங்கள் என்னைப் படிக்க வைத்தீர்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்டதில்லை. செருப்புக்கூடக் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறேன். அவள் திரைச்சீலைத் துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பேசுவதில்லை. மேலே வீட்டுக்காரர் குழாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மா இருந்தால் எண்பது தாண்டியிருக்கும். அந்தப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்களில் இன்று யார் இருக்கிறார்கள், யாருக்கு வலிக்கும்? எண்ணிப் பாருங்கள்.

மகன்


ஏப்ரல் 26

அன்பு மகனுக்கு,

நீ குறி போட்ட இடத்தில் நான் ஒன்றும் வைக்கவில்லை. தாளைக் கசக்கவும் இல்லை, மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

வேறொரு தாளில் வைத்தேன். கண்ணாடியம்மா எழுதப் படிக்கத் தெரிந்தவர், அவர் வைத்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னது பொய். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. தபால்காரர் எழுதி மூன்று தடவை வாசித்துக் காட்டினார். இந்தத் தடவை எதையும் மூடவில்லை. “நல்லா யோசிச்சீங்களா? பதிவுத் தபால் திரும்பி வராது” என்றார். முந்தாநாள் அலுவலகத்துக்குப் போய்விட்டது. உன்னைக் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன்.

கேட்டதைக் கொடுக்காத அப்பன் என்று நீ சொல்லலாம். அது உண்மைதான். மருமகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். துணியைத் தூக்கிப் போட வேண்டாம், ஜன்னல் எந்த வீட்டிலும் இருக்கும். நீ எழுதாமல் போனாலும் தபால்காரர் காலையில் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் இல்லை என்று எனக்குக் கையாட்டுவார். எனக்குப் பழகிவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: எண்ணிப் பார்க்கச் சொன்னாய், பதில் சொல்லாமல் முடிக்கப் பார்த்தேன். எண்ணினேன். அண்ணன்காரர் டிராம் நின்று ஆறு வருஷம் கழித்துக் குளியலறையில் விழுந்து போனார். பத்திர எழுத்தர் அவருக்கும் முன்னால், மஞ்சள்காமாலை. பால்காரர் மகள் வீட்டில் போய்ச் சேர்ந்தார், நானே தூக்கினேன். பதிவு செய்த அதிகாரி மாற்றலாகிப் போன ஊரிலேயே முடிந்துபோனார்.

பிறகு, போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தேன். அந்த அம்மா வேலை பார்த்த நூலகத்தில் விசாரித்தேன், மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் முதியோர் விடுதிக்கு அனுப்பினார்கள். எட்டுக் கட்டில் போட்ட கூடம். கடைசிக் கட்டில்.

“யாரு?”

“வெள்ளையடிக்கிறவன்மா.”

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “ஏணியிலருந்து எறங்க உங்களுக்கு நாப்பத்திரண்டு வருஷமாய்யா?” என்றார்.

நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். சொன்னேன். வீட்டை வாங்கப் போகிறவன் என் மகன் என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெளியே வந்து உன் தெருமுனை வரைக்கும் நடந்தேன். உங்கள் ஜன்னலில் விளக்கு எரிந்தது. திரும்பிவிட்டேன்.

அந்தப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்களில், என்னை விட்டால், இன்றைக்கு உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். கண்ணாடியம்மா.