வளைவுக்கு மேலே ஹெலிகாப்டர்

ஜூன் 3
எங்கள் சுகாதார நிலையத்தின் ஒரே ஜீப்புக்கு டயர் கேட்டு ஏழு மாதம் ஆகிறது. இன்று பதில் வந்தது. ஹெலிகாப்டர் தருகிறார்களாம்! ராணுவ ஹெலிகாப்டர். அவசர நோயாளியைப் பள்ளி மைதானத்தில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறக்குமாம். கம்பவுண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும்தான்.

ஜூன் 11
திறப்பு விழா. மைதானத்தின் நட்டநடுவில் ஒரு வரவேற்பு வளைவு, அதில் மந்திரியின் படம். பாவம், ஹெலிகாப்டருக்கு இடமில்லை. பக்கத்து வயலில் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ராணுவக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "இதை எடுத்துடச் சொல்லுங்க சிஸ்டர், இல்லன்னா இறங்க முடியாது" என்றார். பந்தா. நான் சொல்லி யார் கேட்பார்கள்?

ஜூன் 19
வளைவை எடுக்கச் சொல்லி நான் எழுதிய மூன்றாவது கடிதத்துக்குப் பதில்: மந்திரி படம் இருப்பதால் உத்தரவில்லாமல் யாரும் கைவைக்கக் கூடாது. வெட்கங்கெட்டவர்கள். மழையில் அந்த வயலும் இப்போது முழங்கால் சேறு.

ஜூன் 24
தங்கை வந்திருக்கிறாள். எட்டு மாதம். கால் வீக்கம், ரத்த அழுத்தம் ஏறுகிறது. நகரத்துக்குப் போ என்றால், "நீ இருக்கியேக்கா" என்கிறாள். நான் இருந்து என்ன சாதிக்கப் போகிறேன்?

ஜூன் 28
காலை பத்து மணிக்கு அவளுக்கு வலிப்பு. ஊசி போட்டேன். கம்பவுண்டர் போன் செய்தார். மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஹெலிகாப்டர் வந்தது — வந்து, வளைவுக்கு மேலே சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. படத்தில் அந்த மனுஷன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்! தலைமையாசிரியர் உத்தரவு வரட்டும் என்று இழுத்தார்.

"என் தங்கச்சி செத்தா உங்க உத்தரவு வந்து தூக்கிட்டுப் போகுமா?"

பையில் தொப்புள்கொடி வெட்டும் கத்தரிதான் இருந்தது. அதை வைத்தே வளைவின் கயிறுகளை அறுத்தேன். கம்பவுண்டர் சாய்த்தார். எல்லாவற்றையும் இழுத்துப்போய் வகுப்பறையில் அடைத்தோம். கடைசியில் தலைமையாசிரியரும் ஒரு கம்பைத் தூக்கினார்.

ஹெலிகாப்டரில் வழி முழுக்க அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர்தான் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்திருந்தார். கை மாற்றவே இல்லை. அவரைப் பந்தா என்று எழுதினேனே — எனக்கு என்ன வாய்.

ஜூன் 29
பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. தங்கை இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூலை 26
மெமோ. வளைவைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் வேண்டுமாம். எழுதிவிட்டேன்: 'அறுத்தது நான்தான். கயிறு தடிமன். கத்தரி மழுங்கிவிட்டது. புதிது அனுப்பவும்.'

பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"டயரையும் சேர்த்துக் கேளுக்கா" என்றாள்.

சேர்த்தேன்.