மொட்டை ராணி பற்றி ஒரு வாக்குமூலம்

என் அன்பிற்குரிய துணைவிக்கு,

இதை எழுதும் நான் உன் கணவன்; தொழில் வழக்கறிஞர்; வயது அறுபத்திரண்டு. சுயநினைவுடனும் எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதுகிறேன். நம் மகள் "எழுதுங்கப்பா" என்று சொன்னதைத் தூண்டுதலாகக் கொள்ள வேண்டாம்.

வீட்டில் குறை ஒன்றுமில்லை. பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று மட்டும் பட்டுவிட்டது, அதற்கு நான் பொறுப்பல்ல. குமாஸ்தா தினமும் உன்னை விசாரிக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து உன் அக்கா வீட்டுக்குப் போன நீ திரும்பவில்லை. நான் வந்தால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாய். மருந்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புகிறேன். தொலைபேசியில், "இந்தத் தலையோட உங்க முன்னாடி வந்து நிக்க மாட்டேன். முடி வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். அங்குள்ள நிலைக்கண்ணாடியைப் போர்வையால் மூடியிருக்கிறாய் என்றும் அக்கா சொன்னார்.

உன் வாதம் நிற்காது. அதற்கு எதிரான சாட்சியம் உன் வாயிலிருந்தே வந்தது.

நமக்குத் திருமணமான புதிதில் ஞாயிறுதோறும் பார்த்த அந்தச் சண்டைத் தொடரை நினைத்துப்பார். ஒரே ஒரு வாரம் மட்டும் ஒரு நடிகை வந்தார். சிறையிலிருந்து தப்பிய மெக்கானிக் வேடம். தலையை முழுக்க மழித்திருந்தார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. முடிவில் பெயர்கள் ஓடிய வேகத்தில் படிக்க முடியவில்லை. அவரைக் காப்பாற்றப் போன கதாநாயகன் எரிகிற கிடங்கில் மாட்டிக்கொள்ள, அவரே லாரியைக் கிளப்பிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, "ஏறுறியா, இல்ல அங்கயே நிக்கப் போறியா?" என்று கேட்பார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். "வாயை மூடுங்க, ஈ பூந்துடும்" என்றாய் நீ.

அன்றுமுதல் அவர் நம் வீட்டில் மொட்டை ராணி. நான் தாமதமாக வந்தால், "என்ன, மொட்டை ராணி லாரியில கொண்டுவந்து விட்டாளா?" என்பாய். மறு ஒளிபரப்பை நான் பதிவு செய்து வைத்திருந்த வீடியோ நாடாவில் சமையல் நிகழ்ச்சியைப் பதிவு செய்தாய். லாரிக் கதவு திறக்கும் இடத்தில் வெங்காயம் வதங்கும். அது தற்செயல் என்ற உன் விளக்கத்தை நான் இன்னும் ஏற்கவில்லை.

சென்ற வாரம் மகள் அந்தப் பகுதியை எங்கோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். குமாஸ்தாவையும் உட்காரவைத்துப் பார்த்தோம். லாரி அப்போது தெரிந்ததைவிடச் சிறியது. தீயும் போலி. அந்த முகத்துக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. மறைக்க முடி இல்லாததால் கண்ணும் நெற்றியும் சிரிப்பும் முழுதாகத் தெரிந்தன. ஆகவே, மழித்த தலையை நான் மெச்சுவது இன்று உனக்காகப் புனைந்த ஆறுதல் அல்ல. இத்தனை ஆண்டுகளாக நீயே சாட்டி, நான் ஒருமுறைகூட மறுக்காத குற்றம்.

நோய் இனித் திரும்பாது என்று எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டேன். "வக்கீல் சார், அதெல்லாம் யாராலயும் எழுதிக் குடுக்க முடியாது. அவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். முடி வளரும்வரை நீ வாய்தா கேட்கிறாய். என் தொழிலில் நான் வாங்காத வாய்தா இல்லை. இந்த ஒன்றை மட்டும் ஆட்சேபிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை உன் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்துவேன். மணி அடிக்க மாட்டேன். உன் பக்கத்துக் கதவு திறந்திருக்கும். நான் என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும்.

ஏறிக்கொள்ளம்மா.

என்றும் உன்,
கணவன் (கையொப்பம்)

சாட்சிகள்:
குமாஸ்தா (படம் பார்த்தேன். சார் சொல்வது நிஜம், அம்மா.)
மகள் (அப்பா காரை இப்போதே கழுவ ஆரம்பித்துவிட்டார்.)